தங்கையின் கல்யாணத்தைத் தவறவிட்ட அண்ணனுக்கு

ஜோயல்,

உன்னிடம் பேச வேண்டியதையெல்லாம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் ஆரம்பித்தால் "அம்மா, ஓவன்ல கேக் இருக்கு" என்று எழுந்து போய்விடுகிறாய். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மாவு சலிக்கப் போய்விடுகிறாய். காகிதத்தில் எழுதினால் உன்னால் கட்டைவிரல் அனுப்ப முடியாது. உன் அப்பா எதிரே உட்கார்ந்துகொண்டு, "என்னைப் பத்தியும் எழுதுவியா? எழுதினா நல்லபடியா எழுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளதை உள்ளபடிதான் எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று நீ போனில் பேசியதுதான் என்னை எழுத வைத்தது. ஒரு வீட்டுக்காரர்கள் பிறந்தநாள் கேக்கை வாங்கிப் போய், ரொம்ப நன்றாக இருந்தது என்று உனக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். நீ அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கீழ் ஓரத்தில் நீல நிறம் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் ஒரு பக்கம் வெளிறியும் இருப்பதைக் கண்டுபிடித்து, "எப்படிம்மா இதைப் போய் குடுத்தேன்?" என்று என்னிடம் புலம்பினாய். எனக்கும் அந்தப் படத்தை அனுப்பினாய் அல்லவா, நானும் பார்த்தேன். அதில் ஒரு குழந்தை மூக்கு, கன்னம், புருவம் எல்லாம் கிரீமோடு சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உன் கண்ணுக்கு அது தெரியவே இல்லை என்று நினைக்கிறேன்.

இது உனக்குப் புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கடையில் வாங்கக்கூடாது, நானே செய்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாய். ஒரு முனை மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது என்று பிரித்தாய். மறுபடி ஒட்டினாய். காகிதம் சுருங்கியிருக்கிறது என்று மறுபடி பிரித்தாய். கிறிஸ்துமஸ் போயிற்று, புத்தாண்டு போயிற்று. கடைசியில் பொங்கலுக்குத்தான் நம் வீட்டு வாசலில் நட்சத்திரம் எரிந்தது. பக்கத்து வீட்டில் பால் பொங்க, நம் வீட்டில் நட்சத்திரம் தொங்க, மேற்குத் தாம்பரத்தில் நம் தெருவே நின்று பார்த்துவிட்டுப் போனது. உன் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நாங்க அடுத்த வருஷத்துக்கு இப்பவே மாட்டிட்டோம்" என்று சமாளித்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்காமல், நட்சத்திரத்தின் எந்த முனை கோணலாக இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய்.

அந்தப் பையன்தான் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு சேலையூரில் கேக் கடை வைத்தான். நீ கடை வைத்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உன் கைக்கு ருசி இருக்கிறது. அதை நான் பெற்றவள் என்பதால் சொல்லவில்லை, சாப்பிட்டவள் என்பதால் சொல்கிறேன். உன் தங்கை பெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "அண்ணா போடுற கேக்தான். வேற யாரும் கையை வைக்கக்கூடாது" என்று அவளும் சொல்லிவிட்டாள். கூடவே இன்னொன்றும் கேட்டாள். கோயிலில் திருமண ஆராதனையில் வேதபாடத்தை நீதான் வாசிக்க வேண்டும் என்று. நீ அந்தப் பாடத்தை ஒரு மாதம் முழுக்க வாசித்துப் பழகினாய். மாவு பிசையும்போது, வண்டி ஓட்டும்போது, பல் தேய்க்கும்போதுகூட. எங்கள் எல்லோருக்குமே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

கல்யாணத்தன்று நடந்ததை நீ உனக்குள் ஒரு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாய். நான் பார்த்த மாதிரி சொல்கிறேன், கேள். வரவேற்பு முடிச்சூர் மண்டபத்தில். கோயிலில் ஆராதனை சாயங்காலம். அதற்கு முன்னால் மதியமே கேக்கை மண்டபத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மூன்று அடுக்குக் கேக்கை ஏற்றுவதற்கு நம்மிடம் இருந்தது உன் அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் கார்தான். முன்னாலும் பின்னாலும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. பயிற்சிக் கார் என்பதால் இடது பக்க சீட்டில் இருப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருக்கிற வாத்தியார் அழுத்துவதற்கு. அன்றைக்கு வாத்தியார் வலது பக்கம் ஓட்டிக்கொண்டு வர, இடது பக்கம் நீ உட்கார்ந்தாய். பின் சீட்டில் நான், பெரிய அடுக்கைச் சாமி சிலை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

சேலையூரிலிருந்து மேம்பாலம் ஏறி இறங்கும் வரைக்கும் உன் அப்பா மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார். ஆனாலும் நீ, "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாய். முடிச்சூர் சாலையில் தூரத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. நல்ல தூரம். உன் அப்பாவும் பார்த்துவிட்டார், காலை எடுத்துவிட்டார். ஆனால் உன்னால் பொறுக்க முடியவில்லை. உன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தாய். கார் நட்ட நடுச் சாலையில் குதித்து நின்றது. மாடு நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதன் வழியில் போயிற்று. என் மடியிலிருந்த கேக் முன் சீட்டில் போய் மோதியது.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் நம்மை இடிக்காமல் எப்படியோ ஒதுங்கி, பக்கத்தில் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். "இன்னா சார், நடு ரோட்ல இப்டி பிரேக் போட்டுகினு கீற? மொதல்ல ஒழுங்கா ஓட்டக் கத்துகினு வா சார்!" என்றார். பாதித் தாம்பரத்துக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் உன் அப்பா. அவர் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். கேக் உடைந்த துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது இதை எழுதும்போதும் சிரிக்கிறேன். அவர், "என்ன எழுதுற?" என்கிறார்.

மண்டபத்தில் இறக்கிப் பார்த்தபோது பெரிய அடுக்கில் ஒரு பக்கம் நசுங்கி, மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவ்வளவுதான். மற்ற இரண்டு அடுக்கும் நன்றாகவே இருந்தன. "அந்தப் பக்கத்தைச் சுவர் பக்கமா திருப்பி வச்சிட்டு வாடா, போலாம்" என்றார் அப்பா. "நீங்க போய் ரெடியாகுங்க. நான் இதை முடிச்சிட்டு நேரா சர்ச்சுக்கு வந்துடுறேன்" என்றாய். உன் சித்தி உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றாய். சமையல்காரர் அவருடைய ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றாய். மேல்பூச்சு முழுவதையும் வழித்து எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

கோயிலில் பாட்டு முடிந்தது. பாஸ்டர் வேதபாட வாசிப்புக்கு உன் பெயரைச் சொன்னார். யாரும் எழவில்லை. பெனிட்டா முக்காட்டோடு திரும்பி வாசல் கதவைப் பார்த்தாள். பாஸ்டர் மறுபடியும் உன் பெயரைச் சொன்னார். பிறகு உன் மாமா எழுந்து, கண்ணாடி இல்லாமல், எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு உட்கார்ந்தார். அவர் வாசித்து முடிக்கும் வரைக்கும் உன் தங்கை கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரவேற்பில் நீ இருந்தாய். சட்டையெல்லாம் கிரீம். கேக்கின் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நின்றாய். சாப்பிட்டவர்களிடமெல்லாம் போய், "சாரி அங்கிள், கிரீம் சரியா செட் ஆகல" என்றாய். அதுவரைக்கும் ரசித்துச் சாப்பிட்டவர்கள் அதற்கப்புறம்தான் தட்டைத் தூக்கி உற்றுப் பார்த்தார்கள். புறப்படும் நேரத்தில் பெனிட்டா எங்கள் எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதாள். உன்னிடம் வந்தாள். "கேக் ரொம்ப நல்லா இருந்துச்சு, தேங்க்ஸ்" என்றாள். கடைக்காரரிடம் சொல்வது மாதிரி. அவ்வளவுதான். காரில் ஏறிவிட்டாள்.

அதை நீ எப்படிப் புரிந்துகொண்டாய் தெரியுமா? மறுநாள் என்னிடம் வந்து, "அவளுக்கு கேக் புடிக்கலம்மா" என்றாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்றால் அந்த மூளைக்குள் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். அது நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட மூளை.

நான் நர்ஸாக இருந்த நாளில் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வருவதே எனக்குப் பெரிய வேலை. டியூட்டி முடியும், ஆனால் வேலை முடியாது. ஒருவருக்குத் துணி மாற்ற வேண்டியிருக்கும், ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று பார்க்க வேண்டியிருக்கும், ஒரு அம்மாவுக்குப் பேசுவதற்கு ஆள் வேண்டியிருக்கும். இதையெல்லாம் முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றுகொண்டே இருப்பேன். ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது அடுத்த டியூட்டிக்கு வந்த மாலா என் கையிலிருந்த ட்ரேயைப் பிடுங்கினாள். என் வயதுதான் அவளுக்கு, என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். "ஏன்டி, நீ போனாத்தானே நான் வேலையை ஆரம்பிக்க முடியும்? நீ மட்டும்தான் நர்ஸா? நான் என்ன வேடிக்கை பாக்கவா வந்திருக்கேன்?" என்று சத்தம் போட்டாள். நோயாளிகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து எந்த நர்ஸும் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனதில்லை. மீதியை அடுத்தவளிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறாள். நான் போகாமல் நின்றது நோயாளியின் மேல் இருந்த அக்கறை மட்டும் இல்லை. நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற எண்ணமும்தான். மாலாவை நான் நம்பவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. அடுத்த நாளிலிருந்து நேரத்துக்குக் கிளம்பிவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் கிளம்பும்போது மாலாவிடம், "இது மீதி இருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லப் பழகினேன். முதல் தடவை சொன்னபோது நாக்கு கூசியது. அவள், "சரி, போ" என்றாள். அந்த இரண்டு வார்த்தை அவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

சரி, உன் கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நீ புது ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தாய். பெனிட்டாவும் மாப்பிள்ளையும் அவர் ஊரான சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து முதல் முறையாக நம் வீட்டுக்கு விருந்துக்கு வருகிற நாள் வந்தது. அவளுக்கு ஒரு குறையும் இல்லாத கேக் ஒன்றைப் போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று உன் திட்டம். பிரியாணி ஆறியது. "இதோ வந்துடுறேன்மா, இது கொஞ்சம் இறங்கிடுச்சு, இன்னொண்ணு வச்சிருக்கேன்" என்று நீ போனில் சொன்னாய். பெனிட்டா அதைக் கேட்டுவிட்டாள். இலை முன்னாலிருந்து எழுந்து, "அப்பா, வண்டிய எடுங்க" என்றாள்.

அன்று அவள் பட்டுப்புடவையோடு குனிந்து அந்தப் பாதி ஷட்டருக்குள் நுழைந்த வேகம் இருக்கிறதே! நாங்கள் பின்னால் ஒவ்வொருவராகக் குனிந்து வந்தோம். மேசை முழுக்கக் கேக். ஒன்று நடுவில் குழிந்தது, ஒன்று ஓரம் கருகியது, மற்றதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் தெரிந்தன. நீ எங்களைப் பார்த்ததும் ஒரு துணியை எடுத்து அவற்றை மூடப் பார்த்தாய்.

"எதுவும் சரியா வரல பெனி. இன்னும் ஒரு மணி நேரம் குடு. அன்னைக்கு மாதிரி ஆகக்கூடாதுன்னு பாக்குறேன். கேக் சரியில்லன்னுதானே உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு?"

"கேக்கா?" என்றாள் அவள். "அண்ணா, அன்னைக்கு கேக் என்ன கலர்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பாஸ்டர் உன் பேரைக் கூப்பிட்டாரு. நீ வருவே வருவேன்னு கதவையே பாத்துட்டு நின்னேன். என் கல்யாணத்துக்கு எங்க அண்ணன் வரல. கேக்தான் வந்துச்சு."

நீ அப்படியே மைதா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாய். உன்னை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு நீ, "நான் உனக்காகத்தான்டி..." என்று ஆரம்பித்தாய். "தெரியும்ணா. அதனாலதான் இவ்வளவு நாள் சொல்லாம இருந்தேன்" என்று அவளும் உன் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தாள். பட்டுப்புடவை மாவாகிறதே என்று நான் வாயைத் திறக்கப்போனேன். உன் அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்த நேரத்தில் காப்பாற்றியது மாப்பிள்ளைதான். பாகங்களைச் சோதித்துப் பார்த்துத் தேர்ச்சி போடுகிற வேலை அவருக்கு, கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில். நடுவில் குழிந்த கேக்கைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மச்சான், எங்க கம்பெனியா இருந்தா இதை ரிஜெக்ட் பண்ணமாட்டோம். சின்னக் குறை, உபயோகத்துக்குப் பாதகம் இல்லன்னு கையெழுத்துப் போட்டு பாஸ் பண்ணிடுவோம்" என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "பாஸ்!" என்றார் வாய் நிறையக் கேக்கோடு. முதலில் சிரித்தது நீதான் ஜோயல். அழுதுகொண்டே சிரித்தாய்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். பெனிட்டா போனில் அந்த வேதபாடத்தை எடுத்து உன் கையில் கொடுத்தாள். "இப்ப வாசி" என்றாள். "இங்கேயா?" என்றாய். "இங்கேதான். மாப்பிள்ளை இருக்காரு, பொண்ணு இருக்கேன், அப்பா அம்மா இருக்காங்க, கேக்கும் இருக்கு. வேற என்ன வேணும்?" என்றாள். நீ எழுந்து நின்றாய். ஏப்ரனைக் கழற்றக்கூட இல்லை. வாசிக்க ஆரம்பித்தாய். ஒரு மாதம் கேட்டிருந்தும், உனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. பாதியில் ஒரு வார்த்தை தடுக்கியது. நீ உடனே நிறுத்தினாய். முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறாய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெனிட்டா உன் முழங்கையைத் தொட்டு, "திரும்பப் போகாத. மேல போ" என்றாள்.

நீ மேலே போனாய். கடைசிவரைக்கும் வாசித்தாய். நாங்கள் ஆமென் சொன்னோம். வெளியே ஷட்டருக்குக் கீழே குனிந்து, "பப்ஸ் இருக்கா?" என்று கேட்ட ஒருவரும் ஆமென் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஷட்டரை முழுசாகத் தூக்கினாய். ஆர்டர் எடுக்கிறாய். அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நேற்று அந்த நீல நிறத்தைப் பற்றிப் பேசியபோது, இது ஒரே நாளில் போகிற காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. போக வேண்டாம். உன் கண்ணும் உன் கவனமும் உனக்கு வேண்டும். அதனால்தான் உன் கேக் உன் கேக்காக இருக்கிறது. அலட்சியமாக இரு என்று நான் சொன்னால் என்னையே நீ நம்பமாட்டாய். நான் சொல்வது வேறு. போதுமா என்று கேக்கிடம் கேட்காதே. அதனிடம் கேட்டால் எப்போதும் இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்லும். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார். அவர் போதும் என்றால் போதும். குறை தெரிந்தால் அடுத்த கேக்கில் சரிசெய். போன கேக்கின் பின்னாலேயே வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்காதே. உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள். அவர் உன்னைவிடக் கொஞ்சம் கோணலாகத்தான் பூச்சு பூசுவார். பூசட்டும். அந்த நேரத்தில் நீ உட்கார்ந்து ஒரு டீ குடி.

நீ சிறியவனாக இருந்தபோது என்னிடம் மதிப்பெண் அட்டையைக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பாய். எத்தனை மார்க் இருந்தாலும் அந்தப் பார்வை ஒன்றுதான். நானும் நல்லது நல்லது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதோடு இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அட்டை இல்லாமல் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வெறுமனே ஓடிவந்த நாட்களில்தான் எனக்கு உன்னைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெனிட்டா வீட்டில் நம் எல்லோருக்கும் சாப்பாடு. பெண் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பார்கள். பழம், ஸ்வீட், பூ எல்லாவற்றையும் நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். அவள் மாமியார்கூட, "உங்க பையன் கேக் கொண்டுவருவாரா?" என்று ஆசையாகக் கேட்டார்கள். இல்லை, அடுத்த தடவை என்று சொல்லிவிட்டேன். நீ கடையைப் பூட்டிவிட்டு, தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்து சேர். கையில் பெட்டி, பை எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு கையையும் வீசிக்கொண்டு வா. வாசலில் உன்னைப் பார்த்ததும் உன் தங்கை எப்படி ஓடிவருகிறாள் என்று மட்டும் பார்.

அம்மா